இரண்டாவது ரெஜிஸ்டரை எழுதச் சொல்லும் நல்ல முதலாளி

திருப்பூரிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். அவரையும் அவர் கம்பெனியையும் அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டு, கடிதத்தின் முக்கியமான பகுதியை மட்டும் தருகிறேன்.

"மேடம், எனக்கு 29 வயது. ஏற்றுமதி பனியன் கம்பெனி ஒன்றில் ஹெச்.ஆர்., கம்ப்ளையன்ஸ் இரண்டும் பார்க்கிறேன். 300 பேருக்கு மேல் வேலை செய்கிறார்கள். மூன்று வாரத்தில், எங்கள் சரக்கை வாங்கும் பையர் தரப்பிலிருந்து, வேலை நேரமும் சம்பளமும் விதிப்படி இருக்கிறதா என்று பார்க்கும் ஆடிட் வருகிறது. எங்களிடம் எல்லோரும் ஒன்றரை ஷிப்ட், சீசனில் ஞாயிற்றுக்கிழமையும் உண்டு. ஆடிட்டில் காட்டுவதற்காக எட்டு மணி நேரம் மட்டும் உள்ள இன்னொரு அட்டெண்டன்ஸ், இன்னொரு சம்பள ரெஜிஸ்டர் தயார் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். ஆடிட்டர் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று டெய்லர் பெண்களைப் பழக்குவதும் என் வேலைதான். போன வருடம் செய்தேன். இந்த வருடம் கை வரவில்லை. முதலாளி கெட்டவர் இல்லை. என் அப்பா ஆபரேஷனுக்கு 80 ஆயிரம் கொடுத்தார், இன்றுவரை திருப்பிக் கேட்டதில்லை. தொழிலாளர் வீட்டுக் கல்யாணம் என்றால் முன்னால் நிற்பார். இப்படிப்பட்டவர் ஏன் இதைச் செய்யச் சொல்கிறார்? மனிதர்கள் கெட்டு நிறுவனம் கெடுகிறதா, நிறுவனம் மனிதர்களைக் கெடுக்கிறதா? நான் என்ன செய்வது? வீட்டுக்கடன் இருக்கிறது, இரண்டு வயதில் குழந்தை இருக்கிறது."

தம்பி, உங்கள் முதலாளி நல்லவர் என்று நீங்கள் எழுதியதை நான் அப்படியே நம்புகிறேன். 22 வருடமாக ஆலைகளுக்குள் போய் ரெஜிஸ்டர் புரட்டுகிறேன். முதல் பத்து வருடம் ஆடிட்டராக, அப்புறம் ஆலைகளுக்கு ஆலோசனை சொல்பவளாக. பொய்க்கணக்கு வைத்திருந்த முதலாளிகளில், தொழிலாளியை மனுஷியாகவே மதிக்காத ஆட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மற்றவர்கள் எல்லாம் உங்கள் முதலாளி மாதிரிதான், கல்யாணத்துக்குப் போவார்கள், ஆஸ்பத்திரிக்குப் பணம் கட்டுவார்கள், அதே கையால் ஆடிட்டுக்கு முந்தின வாரம் ஞாயிற்றுக்கிழமைகளை அழிப்பார்கள்.

நல்லவர்களால் இது எப்படிச் செய்ய முடிகிறது என்பதற்கு நான் அடிக்கடி நினைத்துக்கொள்ளும் ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்காவில் பிரின்ஸ்டனில், பாதிரியாராகப் படித்துக்கொண்டிருந்த 40 மாணவர்களை வைத்து டார்லி, பேட்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் செய்தது, 1973-இல் வெளியானது. மாணவர்களைப் பக்கத்துக் கட்டடத்துக்குப் போய் ஒரு சிறு உரை நிகழ்த்தச் சொன்னார்கள். வழியில் ஒரு ஆள் சுருண்டு உட்கார்ந்து இருமிக்கொண்டிருப்பார், அவர் ஆய்வாளர்கள் உட்கார வைத்த ஆள். "நேரம் இருக்கிறது, மெதுவாகப் போகலாம்" என்று சொல்லி அனுப்பியவர்களில் 63 சதவீதம் பேர் நின்று உதவினார்கள். "ஏற்கெனவே லேட், ஓடுங்கள்" என்று சொல்லி அனுப்பியவர்களில் நின்றவர்கள் 10 சதவீதம்தான். இதில் ஒரு கூட்டத்தார் பேசப்போன தலைப்பே, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதை. அந்தக் கதையை மனதில் ஓட்டிக்கொண்டே போனவர்களில் சிலர்கூட அவசரத்தில் அந்த ஆளைத் தாண்டித்தான் போனார்கள். அந்த மாணவர்களின் குணத்தில் பெரிய வித்தியாசம் எதுவும் இல்லை. வழியனுப்பியவர் சொன்ன ஒரு வரிதான் வேறு.

உங்கள் கம்பெனியில் அந்த வரியைச் சொல்வது யார்? மேலே கொஞ்சம் போய்ப் பாருங்கள். ஆர்டர் பேசும்போதே நாள் குறைவு. நூல் வந்து, நிட்டிங் முடிந்து, துணி டையிங்கில் போய் மாட்டிக்கொள்ளும், ஷேட் ஒத்துவராமல் ஒருமுறை திரும்பும், பிரிண்டிங்கில் நான்கு நாள் போகும். தூத்துக்குடியில் கப்பல் ஏற்றும் தேதி மட்டும் நகராது. தேதி தவறினால் சரக்கை ஏர் ஷிப்மெண்டில் அனுப்ப வேண்டும், செலவு உங்கள் முதலாளி தலையில், ஒரு ஆர்டரின் லாபம் முழுக்க அதிலேயே போய்விடும். முன்னால் எல்லோரும் சேர்ந்து தொலைத்த நாட்களை எல்லாம் கடைசியில் டெய்லரும் செக்கிங் பெண்ணும் ராத்திரியில் உட்கார்ந்து திருப்பித் தருகிறார்கள். இதில் என்னை மிகவும் கோபப்படுத்துவது பையர் ஆபீஸ். அங்கே ஒரு மேஜையிலிருந்து விலையைக் குறை, தேதியை முன்னால் கொண்டுவா என்று மெயில் வரும். அடுத்த மேஜையிலிருந்து வாரத்துக்கு 60 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று இன்னொரு மெயில் வரும். இரண்டு மேஜைக்காரர்களும் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. இரண்டு மெயிலும் ஒன்றோடொன்று ஒத்துவராது என்பது உங்கள் முதலாளிக்குத் தெரியும், அவர் அந்த முரண்பாட்டைத் தூக்கி உங்கள் மேஜையில் வைத்துவிட்டார், இரண்டாவது ரெஜிஸ்டர் என்ற பெயரில்.

அதனால் உங்கள் கேள்விக்கு என் பதில் இது: ஒரு நிறுவனத்தில் நேர்மை எவ்வளவு தூரம் தாங்கும் என்பது, அவசரமும் நெருக்கடியும் யார் தலையில் போய் இறங்குகிறது, அவருக்கு அதை "முடியாது" என்று திருப்பி அனுப்ப வழி இருக்கிறதா என்பதில்தான் இருக்கிறது. சுவரில் ஒட்டியிருக்கும் கொள்கை அறிக்கைக்கு இதில் பெரிய பங்கில்லை. உங்கள் கம்பெனி வாசலிலும் ஒன்று ஒட்டியிருப்பார்கள், தமிழிலும் ஹிந்தியிலும், அநேகமாக ஒடியாவிலும்.

அமெரிக்காவில் வெல்ஸ் ஃபார்கோ வங்கியில் நடந்தது இதே கதைதான். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் எட்டுக் கணக்கு, கார்டு என்று விற்க வேண்டும் என்பது மேலிடத்து இலக்கு. கிளையில் இருந்தவர்கள் குறைந்த சம்பளக்காரர்கள், இலக்கு முடியாவிட்டால் வேலை போகும், அதனால் வாடிக்கையாளருக்கே தெரியாமல் லட்சக்கணக்கில் கணக்குகளைத் திறந்தார்கள். போலிக் கணக்கு திறக்கக் கூடாது என்று பயிற்சி வகுப்பும் நடந்தது, புகார் சொல்ல போன் எண்ணும் இருந்தது. 2016-இல் விஷயம் வெடித்து 18.5 கோடி டாலர் அபராதம் விழுந்தபோது, அதற்கு முந்தைய ஆண்டுகளில் இதற்காக வேலையை விட்டு அனுப்பியவர்கள் சுமார் 5,300 பேர் என்று வங்கியே சொன்னது, பெரும்பாலும் கீழ்மட்டத்து ஆட்கள். புகார் சொன்னதற்காக வேலை இழந்த ஒரு மேலாளரைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளும்படி 2017-இல் அமெரிக்கத் தொழிலாளர் துறை உத்தரவிட வேண்டியிருந்தது. 5,300 பேரும் திருடர்களாகவா பிறந்து ஒரே வங்கியில் வந்து சேர்ந்தார்கள்?

"ஊரே இப்படித்தான் செய்கிறது" என்ற வரியையும் நீங்கள் கேட்டிருப்பீர்கள். அதை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை, அதில் உண்மை இருக்கிறது. நொய்யல் ஆற்றை நினைத்துப் பாருங்கள். சாயக்கழிவைச் சுத்திகரித்தவனுக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று செலவு கூடியது, அப்படியே ஆற்றில் விட்டவன் விலையைக் குறைத்து ஆர்டரைத் தூக்கிக்கொண்டு போனான். எத்தனையோ டையிங் முதலாளிகளுக்கு மனம் உறுத்தியிருக்கும், ஆனால் தனியாக ஒருவர் யோக்கியமாக இருந்தால் அவர் கடையை மூட வேண்டியதுதான் என்ற நிலை. ஒரத்துப்பாளையம் அணை சாய நீர்த் தொட்டியானது, கீழே விவசாயம் செத்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாய ஆலைகளை மொத்தமாக மூடச் சொன்ன பிறகுதான், ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடக் கூடாது என்பது எல்லோருக்கும் பொதுவான செலவாக ஆனது. அதற்கு ஊர் கொடுத்த விலை பெரியது, எத்தனை குடும்பங்கள் வேலையில்லாமல் ஊர் திரும்பின என்பது உங்கள் வீட்டிலேயே யாருக்காவது தெரிந்திருக்கும். இருந்தாலும், அதுவரை யோக்கியனாக இருக்க ஆசைப்பட்டும் முடியாதவனுக்கு அன்றைக்குத்தான் வழி கிடைத்தது என்று நான் நினைக்கிறேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். சூழ்நிலை இவ்வளவு பெரியது என்பதால் நடுவில் இருக்கும் மனிதனுக்குப் பொறுப்பே இல்லை என்று ஆகிவிடாது. நானும் அந்த இடத்தில் நின்றிருக்கிறேன். ஆடிட் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருடம், ஒரு ஸ்பின்னிங் மில்லுக்குப் போனேன். விடுதிப் பெண்களைத் தனியாக உட்கார வைத்துப் பேசினால், எட்டுப் பேரும் ஒரே பதிலை ஒரே ராகத்தில் சொன்னார்கள், பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிப்பது போல. ஒன்பதாவது பெண் எதுவும் சொல்லாமல் என் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் அறிக்கையில் "பேட்டிகள் இயல்பாக இல்லை" என்று எழுதினேன். மேலதிகாரி அதை எடுத்துவிடச் சொன்னார், சாட்சி இல்லாமல் எழுதக் கூடாது என்றார், அது விதிப்படி சரியும்கூட. ஆடிட் கட்டணத்தைக் கட்டியது அந்த மில்தான், அடுத்த வருடமும் அவர்கள் எங்களைத்தான் கூப்பிட வேண்டும். எடுத்துவிட்டேன். அந்தப் பெண்ணின் முகம் இன்றைக்கும் எனக்கு மறக்கவில்லை.

இந்த "எடுத்துவிடு" எங்கே போய் முடியும் என்பதைக் கராச்சியில் பார்த்தோம். 2012 செப்டம்பர் 11, பல்டியா டவுனில் அலி எண்டர்பிரைசஸ் என்ற ஆயத்த ஆடை ஆலை எரிந்தது, 250 பேருக்கு மேல் செத்தார்கள். ஜன்னலில் எல்லாம் கம்பி, வெளியேறும் வழிகள் பூட்டியிருந்தன. தீயை வைத்தது பணம் பறிக்க வந்த கும்பல் என்று 2020-இல் அங்கே நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அது சரி, ஆனால் தீ வைத்தவன் கம்பிகளைப் பொருத்தவில்லை, அவை ஏற்கெனவே இருந்தன. தீ விபத்துக்குச் சில வாரங்கள் முன்னால்தான் அந்த ஆலை, தொழிலாளர் நலனுக்கான எஸ்.ஏ. 8000 சான்றிதழை வாங்கியிருந்தது. யாரோ ஒருவர் ஃபைலைத் தயார் செய்தார், யாரோ ஒருவர் டிக் அடித்தார். அந்த இரண்டு நாற்காலிகளில்தான் நீங்களும் நானும் உட்கார்ந்திருக்கிறோம்.

அடுத்த வருடம் ராணா பிளாசா. டாக்காவுக்குப் பக்கத்தில் சாவரில், எட்டு மாடிக் கட்டடம். 2013 ஏப்ரல் 23 அன்று சுவர்களில் விரிசல் தெரிந்தது, வந்து பார்த்த இஞ்சினியர் உள்ளே யாரும் இருக்கக் கூடாது என்றார். அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு வங்கிக் கிளை இருந்தது, வங்கி தன் ஊழியர்களை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டது. மேலே இருந்த கார்மெண்ட் தொழிலாளர்களை மறுநாள் காலை உள்ளே போகச் சொன்னார்கள், போகாவிட்டால் சம்பளம் பிடிப்போம் என்று மிரட்டியதாகத் தப்பித்தவர்கள் சொன்னார்கள். கட்டடம் இடிந்து விழுந்து 1,134 பேர் செத்தார்கள். விரிசல் ஒன்றுதான், அதை வங்கிக்காரரும் பார்த்தார், மேல்மாடிச் சூப்பர்வைசரும் பார்த்தார். சூப்பர்வைசர் ஈவு இரக்கம் இல்லாதவர் என்று என்னால் நினைக்க முடியவில்லை, அவருக்கு ஷிப்மெண்ட் தேதி இருந்தது, "இன்றைக்கு லைன் ஓடாது" என்று சொல்லிவிட்டு மறுநாளும் வேலையில் இருக்கும் வழி இருக்கவில்லை. இதனால்தான் அந்த விபத்துக்குப் பிறகு பிராண்டுகளும் தொழிற்சங்கங்களும் போட்ட பாதுகாப்பு ஒப்பந்தம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அது சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம், ஆய்வு அறிக்கைகளை வெளியே போட்டார்கள், ஆபத்து என்று தெரிந்தால் தொழிலாளி வேலைக்குள் போக மறுக்கலாம் என்பதையும் அதில் எழுதினார்கள். யாருக்கும் நல்லொழுக்க வகுப்பு எடுக்கவில்லை, முடியாது என்று சொல்லும் வழியை உண்டாக்கினார்கள்.

இப்போது உங்கள் வேலைக்கு வருவோம். உங்களிடம் கேட்டிருப்பது இரண்டு காரியம், ரெஜிஸ்டர் எழுதுவது, பெண்களைப் பழக்குவது. முதலில் நிறுத்த வேண்டியது இரண்டாவதை. காகிதத்தில் எழுதுவதைவிட இது மோசம் என்று நான் நினைக்கிறேன். "வெளியாள் வந்து கேட்டால் நடப்பதைச் சொல்லாதே, சொன்னால் ஆர்டர் போகும், உன் வேலையும் போகும்" என்று ஒரு பெண்ணுக்கு நீங்கள் பாடம் நடத்துகிறீர்கள். அவள் அந்தப் பாடத்தை ஓ.டி. என்கிற கூடுதல் வேலை நேரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ள மாட்டாள். நாளைக்குச் சூப்பர்வைசர் கையைப் பிடித்து இழுத்தாலும், கழிப்பறைக்குப் போக விடாவிட்டாலும், அவளுக்கு நினைவுக்கு வருவது நீங்கள் சொன்னதுதான். நம் திண்டுக்கல் பக்கத்திலேயே ஒரு கார்மெண்ட் ஆலையில் வேலை செய்த இளம்பெண் 2021 ஜனவரியில் கொல்லப்பட்டாள், அவளுடைய சூப்பர்வைசர்தான் கைதானான். பெண்கள் நடத்தும் தொழிற்சங்கம் ஒன்று விடாமல் போராடி, 2022-இல் திண்டுக்கல் ஒப்பந்தம் என்று இப்போது எல்லோரும் சொல்லும் ஒப்பந்தம் வந்தது. அதன்படி ஒவ்வொரு லைனிலும் தொழிலாளர்களிலேயே சிலரைப் பயிற்சி கொடுத்துக் கண்காணிப்பாளர்களாக வைத்தார்கள், தொல்லை என்றால் அங்கேயே வாய் திறக்கலாம், ஆலை கேட்காவிட்டால் பிராண்ட் தலையிட வேண்டும் என்று ஏற்பாடு. அங்கே வாய் திறக்கப் பயிற்சி கொடுத்தார்கள், உங்களை வாயை மூடுவதற்குப் பயிற்சி கொடுக்கச் சொல்கிறார்கள்.

ரெஜிஸ்டர் விஷயத்தில், முதலாளியிடம் போய் "இது தப்பு சார்" என்று ஆரம்பிக்காதீர்கள். அவருக்கு அது தெரியும். கணக்கோடு போங்கள். உங்கள் நிஜ எண்களைப் போட்டுப் பாருங்கள், நான் ஒரு மாதிரிக் கணக்கு சொல்கிறேன். ஷிப்டுக்கு 500 ரூபாய் வாங்கும் டெய்லர், மாலை ஐந்தரையிலிருந்து எட்டரை வரை மூன்று மணி நேரம் பார்த்தால் அரை ஷிப்ட் என்று 250 கொடுக்கிறீர்கள். கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம் என்பது 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டத்திலிருந்தே இருக்கும் விதி. மணிக்கு 62.50, இரட்டித்தால் 125, மூன்று மணிக்கு 375. ஆளுக்கு ஒரு நாளைக்கு 125 ரூபாய் வித்தியாசம். 200 பேர், 25 நாள் என்றால் மாதம் 6 லட்சத்து 25 ஆயிரம். மாதம் இரண்டரை லட்சம் பீஸ் போகிறது என்று வைத்தால், பீஸுக்கு இரண்டரை ரூபாய். இத்தனை பொய்யும் இந்த இரண்டரை ரூபாய்க்காகத்தான் என்பதை ஒரு முதலாளி எண்ணாகப் பார்க்கும்போது அவர் முகம் மாறுவதை நான் பார்த்திருக்கிறேன். அதுவரை அவருக்கு அது உருவமில்லாத ஒரு பயமாகத்தான் இருந்திருக்கும். இரண்டரை ரூபாயைப் பையரிடம் பேசலாம், டையிங்கில் தொலையும் நாட்களைக் குறைத்து ஓ.டி.யையே குறைக்கலாம், மூன்று மாதத்தில் ஞாயிற்றுக்கிழமையை நிறுத்துவது முதல் படி என்று திட்டம் போடலாம்.

அவருக்குச் சொல்ல வேண்டிய இன்னொன்று, மறைத்தால் கண்டுபிடிப்பார்கள் என்பது. நானே எத்தனையோ தடவை கண்டுபிடித்திருக்கிறேன். அட்டெண்டன்ஸை மாற்றுவார்கள், சம்பள ரெஜிஸ்டரை மாற்றுவார்கள், உடைந்த ஊசி ரெஜிஸ்டரை மறந்துவிடுவார்கள். துணிக்குள் ஊசித்துண்டு போய்விடக் கூடாது என்பதற்காக, ஊசி உடைந்த தேதி, நேரம், மெஷின் எண் எல்லாவற்றையும் எழுதி, துண்டுகளை டேப் போட்டு ஒட்டி வைக்கும் அந்த நோட்டு. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஏழே முக்காலுக்கு 14-ஆம் மெஷினில் ஊசி உடைந்திருக்கும். ஆள் இல்லாமல் ஊசி எப்படி உடையும்? அப்புறம் ஜெனரேட்டர் டீசல் நோட்டு, வாட்ச்மேன் கேட் நோட்டு, லைனில் எடுக்கும் செக்கிங் ரிப்போர்ட், டீக்கடை பில். அத்தனையையும் மாற்ற முடியாது, மாற்றினாலும் ஒன்றுக்கொன்று ஒட்டாது. பெரும்பாலான பையர்களின் விதியில் அதிக நேர வேலையும் பொய் ரெஜிஸ்டரும் ஒரே தட்டில் இல்லை. மணி நேரம் கூடுதல் என்று உண்மையைக் காட்டினால் திருத்தத் திட்டம் கேட்பார்கள், அவகாசம் கொடுப்பார்கள், திரும்ப வந்து பார்ப்பார்கள். பொய் ரெஜிஸ்டர் பிடிபட்டால் ஆர்டரையே நிறுத்தும் அளவுக்குப் போவார்கள். உங்கள் பையரின் கோட் ஆஃப் கண்டக்டை எடுத்து அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு முதலாளியிடம் போங்கள்.

இதோடு சத்யம் கம்ப்யூட்டர்ஸ் கம்பெனியின் தலைவராக இருந்து பொய்க்கணக்கில் மாட்டிய ராமலிங்க ராஜு 2009 ஜனவரி 7 அன்று போர்டுக்கு எழுதிய கடிதத்தையும் அவருக்கு நினைவுபடுத்தலாம். நிஜ லாபத்துக்கும் கணக்கில் காட்டிய லாபத்துக்கும் ஆரம்பத்தில் இருந்தது சிறிய இடைவெளிதான், வருடத்துக்கு வருடம் அது வளர்ந்தது என்றுதான் அதில் ஒப்புக்கொண்டார். அந்த அளவுக்குப் பெரிய விஷயம் இல்லை இது, ஆனால் போகிற விதம் ஒன்றுதான்: போன வருடம் எட்டு மணி நேரம் என்று காட்டினீர்கள், அதே பீஸ் எண்ணிக்கையை இந்த வருடமும் எட்டு மணி நேரத்தில் முடித்ததாகக் காட்ட வேண்டும், அந்தக் கணக்கை நம்பிப் பையர் அடுத்த வருடம் இன்னும் நாளைக் குறைப்பார். உங்கள் பொய்யை வைத்தே உங்கள் விலையைப் பேசுவார்கள்.

நன்றிக்கடன் விஷயம்தான் உங்களை உள்ளே அரிக்கிறது என்று தோன்றுகிறது, கடிதத்தில் அந்த 80 ஆயிரத்தை அவ்வளவு அழுத்திச் சொல்லியிருக்கிறீர்கள். செஞ்சோற்றுக்கடன் என்ற சொல் நம் ஊரில் பலரை வாய் திறக்க முடியாமல் செய்திருக்கிறது. அவர் உங்கள் அப்பாவைக் காப்பாற்றினார், அந்தக் கடன் உண்மை, அதை மாதம் இரண்டாயிரமாவது திருப்பிக் கொடுக்க ஆரம்பியுங்கள், அவர் வேண்டாம் என்றாலும் கொடுங்கள். பணத்துக்குப் பணமாகத் தீர்க்க வேண்டிய கடனை அந்தப் பெண்களின் மாலை நேரத்தைக் கொடுத்துத் தீர்க்கக் கூடாது. அந்த மூன்று மணி நேரக் கூலி உங்களுடையது இல்லை, தூக்கிக் கொடுக்க.

அவர் கேட்கவில்லை என்றால்? நடக்கலாம், நான் பொய் நம்பிக்கை தர விரும்பவில்லை. அப்போது, கோபம் இல்லாமல், தெளிவாகச் சொல்லுங்கள்: "சார், உண்மையான ரெஜிஸ்டரை வைத்து ஆடிட்டைச் சமாளிக்க ராத்திரி பகலாக வேலை செய்கிறேன். இன்னொரு ரெஜிஸ்டரை நான் எழுத மாட்டேன், கையெழுத்துப் போட மாட்டேன், லேடீஸ்கிட்ட அப்படிப் பேசவும் மாட்டேன்." அவர் வேறு ஆளை வைத்துச் செய்யலாம். அது அவர் முடிவு, ஆனால் அந்தக் கையெழுத்து உங்களுடையதாக இருக்கக் கூடாது. மோசடி நோக்கத்தோடு முதலாளியின் கணக்கைத் திருத்தி எழுதும் கிளார்க்கையும் ஊழியரையும் தனியாகக் குறிப்பிட்டே பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 477ஏ என்ற பிரிவு இருந்தது, இப்போதைய சட்டத்திலும் அந்தக் குற்றம் தொடர்கிறது. மேலே இருப்பவர் சொல்லிச் செய்தேன் என்பது அங்கே பெரிய கேடயம் ஆகாது.

சட்டம் உங்களைக் காப்பாற்றுமா என்று கேட்டால், கொஞ்சம்தான். 2013 கம்பெனிகள் சட்டத்தின் 177-ஆவது பிரிவு, ஊழியர் பயமில்லாமல் முறையிடும் ஏற்பாடு வேண்டும் என்கிறது, ஆனால் அது பங்குச்சந்தையில் உள்ள கம்பெனிகளுக்கும், பொதுமக்களிடம் டெபாசிட் வாங்குபவர்களுக்கும், வங்கிக்கடன் 50 கோடிக்கு மேல் உள்ளவர்களுக்கும்தான். திருப்பூரில் பெரும்பாலானவை பார்ட்னர்ஷிப்போ தனி உரிமையோ, அதற்குள் வராது. 2014-இல் நிறைவேறிய தகவல் தருவோர் பாதுகாப்புச் சட்டம் அரசு ஊழியர்கள் மீதான புகார்களுக்கானது. அதனால் வெளியே புகார் என்று போவதற்கு முன்னால் ஒரு தொழிலாளர் சட்ட வக்கீலிடம் அரை மணி நேரமாவது பேசுங்கள். யார், எந்தத் தேதியில், என்ன சொன்னார் என்பதை உங்கள் சொந்த நோட்டில் எழுதி வையுங்கள். கம்பெனி ரெஜிஸ்டரையோ தொழிலாளர் ஆதார் நகல்களையோ போட்டோ எடுத்து வெளியே கொண்டுபோகாதீர்கள், அது உங்கள் மீதே திரும்பும். ஆடிட்டர் உங்களிடம் நேரடியாகக் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள், அது புகார் இல்லை, கேள்விக்குப் பதில்.

வீட்டுக்கடனைப் பற்றியும் சொல்கிறேன், பணம் கையில் இல்லாதவனுக்குத் தைரியம் சொல்வது எனக்குப் பிடிக்காது. நான்கு மாத தவணையும் வீட்டுச் செலவும் சேர்த்து எவ்வளவு என்று கணக்குப் போட்டு அதைச் சேர்க்க ஆரம்பியுங்கள், மனைவியிடம் விஷயத்தை முழுசாகச் சொல்லிவிட்டு. கம்ப்ளையன்ஸ் தெரிந்த, திருத்தத் திட்டம் எழுதத் தெரிந்த ஆளுக்கு ஊரில் வேலை இருக்கிறது. உண்மையான ரெஜிஸ்டரோடு ஆடிட் பார்க்கும் கம்பெனிகளும் திருப்பூரில் இருக்கின்றன, நான் வேலை செய்திருக்கிறேன், அங்கேயும் ஓ.டி. உண்டு, அதை மறைக்க மாட்டார்கள். வேலையை விட்டுவிட்டு வேலை தேடாதீர்கள், இருந்துகொண்டே தேடுங்கள். இதற்கிடையில் முதலாளி மனம் மாறினால் நல்லது. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் எனக்கு அதற்கு வாய்ப்பு இருப்பதாகவே படுகிறது.

மூன்று வாரம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நாளைக் காலையில் செய்ய வேண்டியது ஒன்றுதான். தையல் ஃப்ளோரில் சூப்பர்வைசர் மேஜைக்குப் போய், கடைசி மூன்று மாத உடைந்த ஊசி ரெஜிஸ்டரை எடுத்து, ஞாயிற்றுக்கிழமைத் தேதிகளை ஒரு தாளில் எழுதுங்கள். பக்கத்தில் அந்த வாரத்து ஸ்டைல் எண், துணி எத்தனை நாள் தாமதமாக வந்தது என்பதையும் எழுதுங்கள். அந்தத் தாளை முதலாளி முன்னால் வைத்துவிட்டு உட்கார்ந்து பேசுங்கள், நின்றுகொண்டு பேசாதீர்கள். என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள், திருத்தத் திட்டத்தை நாம் சேர்ந்து எழுதலாம்.